நாய் கடித்த பிறகு: சிகிச்சை, புகார், நஷ்ட ஈடு – தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்போதுதான் கடித்தது. முதலில் ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா?

இரண்டும் இல்லை, முதலில் தண்ணீர்க் குழாய். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள்; பதினைந்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டு பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவோம். வெறிநோய்க் கிருமி காயத்தில் இருக்கும்போதே சோப்பு அதைப் பெருமளவு அழித்துவிடும். நரம்புக்குள் ஏறிய பிறகு சோப்பால் ஒன்றும் செய்ய முடியாது. கழுவியபின் பொவிடோன் அயோடின் மருந்து இருந்தால் தடவலாம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். இறுகக் கட்டும் போடாதீர்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. ரத்தம் நிற்கவில்லை, முகத்தில் கடி, சின்னக் குழந்தை என்றால் 108. ஸ்டேஷனுக்கு அன்று மாலையோ மறுநாளோ போனால் போதும். ஆனால் கழுவி முடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் செல்போனில் நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: காயம், கிழிந்த துணி, நாய், நாய் வெளியே வந்த கேட். கூட யாராவது இருந்தால் அவர்கள் எடுக்கட்டும். பல் பதிந்த இடத்தின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம் எடுத்தால் காயத்தின் அளவு பிறகு தர்க்கத்துக்கு இடமில்லாமல் தெரியும்.

ஊசி எத்தனை? தொப்புளைச் சுற்றிப் பதினான்கு என்கிறார்களே?

அது பழைய காலத்து ஊசி, இப்போது இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் போடும் முறை: ஒவ்வொரு தடவையும் 0.1 மில்லி வீதம் இரு புஜத்திலும், 0, 3, 7, 28ஆம் நாட்களில். முதல் ஊசி போட்ட நாள்தான் 0. கடித்த நாளை வைத்துக் கணக்கில்லை. தனியாரில் தசையில் போட்டால் ஐந்து தவணை: 0, 3, 7, 14, 28. புட்டத்தில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அங்கே மருந்து சரியாக வேலை செய்யாது. கர்ப்பிணியும் கைக்குழந்தையும்கூடப் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தொடையின் முன்புறப் பக்கவாட்டில் போடுவார்கள்.

ரத்தம் வந்த கடி எதுவானாலும் மூன்றாம் வகைக் காயம். அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) வேண்டும். தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஒன்று இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியைக் காப்பது இதுதான். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த வகை உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுத்த வகை கிலோவுக்கு 20. அறுபது கிலோ ஆளுக்குக் குதிரை வகையில் அதிகபட்சம் 2400 யூனிட். அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் இறக்க வேண்டும். வலிக்கும், வேறு வழியில்லை. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும், அதன் பிறகு பயனில்லை. "ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் நாளை வரை காத்திருக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பச் சீட்டு எழுதி வாங்குங்கள். அரசிடமும் தனியாரிடமும் இந்த மருந்துகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 உத்தரவில் சொல்லியிருக்கிறது.

அவசியமில்லாமல் கடிக்காயத்துக்குத் தையல் போடக் கூடாது. போட்டே ஆக வேண்டுமானால் இம்யூனோகுளோபுலின் இறக்கிய பிறகுதான். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியை மறக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் என்னென்ன காகிதம் கேட்டு வாங்க வேண்டும்?

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். ஓ.பி. சீட்டில் "நாய்க்கடி" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த நாய், யாருடையது, எங்கே, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். "இன்ன தெருவில் பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் கடித்ததாகச் சொல்கிறார்" என்று விபத்துப் பதிவேட்டில் ஏறட்டும். அந்தப் பதிவேட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் புரியும். கடித்த அன்றே, யாரும் சட்டம் பேசத் தொடங்கும் முன்பே நீங்கள் சொன்னது அது என்பதால் அதற்குத் தனி எடை உண்டு. பத்து நாள் கழித்து வக்கீல் எழுதிக் கொடுக்கும் புகாரைவிட அன்றைய ஒரு வரி பெரிது.

ஊசி அட்டையை லேமினேட் செய்யாதீர்கள், அடுத்த தவணையை எழுத முடியாது. மருந்துக் கடை பில்லில் நோயாளி பெயர் இருக்கட்டும். ஆட்டோ செலவைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள்.

உரிமையாளர் "எங்க நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கு" என்கிறார். நம்பலாமா?

நம்புங்கள், ஆனால் உங்கள் ஊசியை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். நாயின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு, வெறிநோய்ப் பக்கத்தைத் தேதி, கால்நடை மருத்துவர் முத்திரையோடு படம் எடுங்கள். உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உரிமம் இல்லாவிட்டால் அதுவும் அலட்சியத்துக்கு ஒரு சாட்சியம்.

நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். பத்தாம் நாளும் நாய் தின்று குடித்துத் திடமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை. மிச்சத் தவணைகளைக் குறைக்கலாமா என்பதை அப்போது டாக்டர் சொல்வார். நடுவில் நாய் செத்தாலோ காணாமல் போனாலோ நிறுத்தவே கூடாது. "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்ற பதில் வந்தால் எந்த ஊர், யார் வீடு என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப்பில் கேட்டாலும் போதும்.

இது எந்தச் சட்டப் பிரிவில் வரும்?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 291ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வாய்ப்புள்ள ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1000 ரூபாய்தான். போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம், ஜாமீன் உண்டு.

கூடவே 125: அலட்சியத்தால் பிறர் பாதுகாப்பைக் கெடுத்தது. காயம் ஏற்பட்டால் ஆறு மாதம் வரை, கொடுங்காயம் என்றால் மூன்று வருடம் வரை. உயிரே போனால் 106.

கொடுங்காயம் எது என்பதைச் சட்டம் பட்டியல் போட்டே சொல்கிறது. எலும்போ பல்லோ முறிவது, முகத்தில் நிரந்தரத் தழும்பு, பதினைந்து நாள் கடும் வலியில் கிடப்பது அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போவது. பழைய சட்டத்தில் இது இருபது நாள். அதனால்தான் டாக்டர் ஓய்வு எழுதும்போது நாள் கணக்கைப் பாருங்கள் என்கிறோம். பொய்யாக நீட்டச் சொல்லவில்லை. பதினெட்டு நாள் உண்மையிலேயே நடக்க முடியாதவருக்கு ஒரு வாரச் சான்று மட்டும் இருந்தால் வழக்கின் எடை பாதியாகிவிடும்.

291இல் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: வாய்ப்புள்ள ஆபத்து. கடித்தது என்பது மட்டும் போதாது. கடிக்கக்கூடும் என்று தெரிந்தும் சங்கிலி, வாய்க்கூடு, பூட்டிய கேட் இல்லாமல் விட்டார் என்று காட்ட வேண்டும். முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா? பால்காரர், பேப்பர் போடுபவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், இவர்களைக் கேளுங்கள். எந்த நாய் எப்படி என்று தெருவில் எல்லோரையும்விட அவர்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது நாய்களின் உரிமையாளர் கைதானார். கட்டாமல் விட்ட பெரிய நாய், பொது இடம், சின்னக் குழந்தை மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன.

புகாரில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். இப்படி:

"நேற்று மாலை 6.20 மணிக்கு இன்ன தெரு, கதவு எண் இன்ன வீட்டைக் கடந்து நடந்து சென்றேன். அந்த வீட்டில் வளர்க்கும் பழுப்பு நிற நாய், திறந்திருந்த கேட் வழியாகக் கழுத்துப்பட்டையோ சங்கிலியோ வாய்க்கூடோ இல்லாமல் ஓடிவந்து என் இடது கெண்டைக்காலில் கடித்தது. நான்கு பல் காயம். எதிர்வீட்டுக்காரர் வந்து விரட்டினார். இதே நாய் சில மாதம் முன் பால் போடுபவரைக் கடித்ததும் உரிமையாளருக்குத் தெரியும். இன்ன அரசு மருத்துவமனையில் சிகிச்சை, விபத்துப் பதிவேடு எண் இன்னது. 291, 125 பிரிவுகளில் வழக்குப் பதிந்து நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே சாட்சிகளின் பெயர், முகவரி. இரண்டு பிரதி, ஒன்றில் தேதியோடு ஸ்டேஷன் முத்திரை வாங்குங்கள்.

எதிர்வீட்டில் சிசிடிவி இருந்தால் அன்றே போய்க் கேளுங்கள். பல கேமராக்களில் சில நாளிலேயே பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். பென் டிரைவில் வாங்கினால் மட்டும் போதாது. கோர்ட்டில் காட்ட, கேமரா வைத்திருப்பவர் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி சான்று தர வேண்டியிருக்கும்.

சி.எஸ்.ஆர். மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். போதுமா?

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது, வழக்கு அல்ல. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கத்தான் பெரும்பாலும் அதைப் போடுவார்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டுமென்றால், மறுக்கும் ஸ்டேஷனைத் தாண்டி மாவட்ட எஸ்.பி.க்கு (மாநகரில் கமிஷனருக்கு) ஸ்பீட் போஸ்டில் அதே புகாரை அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) இந்த வழியைத் தருகிறது. அதிலும் அசைவில்லை என்றால் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் மனு. தபால் ரசீதை வைத்திருங்கள், மாஜிஸ்டிரேட் முதலில் கேட்பது அதைத்தான்.

வெளியூரில் கடித்தது, வீடு வேறு ஊரில் என்றால் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பாராமல் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது) போடலாம். இழுத்தடிக்காதீர்கள்: 291 போன்ற ஆறு மாதத் தண்டனைக் குற்றத்தை ஒரு வருடத்துக்குப் பிறகு கோர்ட் பொதுவாக எடுத்துக்கொள்ளாது.

உரிமையாளர் செலவைத் தருகிறேன், கேஸ் வேண்டாம் என்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இது பல நேரம் நல்ல முடிவுதான். வருடக்கணக்கில் முகம் பார்க்க வேண்டியவர். ஆனால் முதல் வாரத்திலேயே "இனி கோரிக்கை எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 28ஆம் நாள் ஊசி முடியட்டும், காயம் சீழ் வைக்கிறதா, தழும்பு எப்படி நிற்கிறது என்று தெரியட்டும். அதற்குள் செலவுக்குக் கொஞ்சம் வாங்கினால் "இதுவரையிலான மருத்துவச் செலவுக்கு" என்று எழுதியே வாங்குங்கள், ரொக்கமாக வேண்டாம், வங்கிவழி வரட்டும். நாயை இனி எப்படி வைப்பார் என்பதும் உடன்பாட்டில் இருக்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு மனசு மாறினால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து முடியாது. 291 சமாதானமாகக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டியிருக்கும். ஆகவே பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டென்றால், சி.எஸ்.ஆர். நிலையிலேயே பேசி முடிப்பது இருவருக்கும் செலவைக் குறைக்கும்.

நஷ்ட ஈடு எவ்வளவு கேட்கலாம்?

குற்ற வழக்கில் அபராதம் அரசுக்குப் போகும். உங்களுக்குப் பணம் வேண்டுமென்றால் குற்றவியல் கோர்ட்டே தண்டனையோடு இழப்பீடும் உத்தரவிடலாம், ஆனால் நம்பி இருக்காதீர்கள். தனியாக சிவில் வழக்கு உண்டு.

மருந்து, போக்குவரத்து, கூட வந்தவரின் கூலி, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், இவை பில்லோடு வருபவை. வலி, தழும்பு, பயம், இவை நீதிபதியின் கணிப்பு. தினக்கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. மேஸ்திரியோ கடைக்காரரோ எழுதிக்கொடுக்கும் கடிதமும், பணம் வந்த வங்கிக் கணக்கும் போதும். வாய்க்கு வந்த தொகையைப் போடாதீர்கள்: கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், இரண்டு லட்சம் கேட்டால் ஆறாயிரம். கெடு மூன்று வருடம். குழந்தைக்கு அந்தக் கெடு பதினெட்டு முடிந்த பிறகே ஓடத் தொடங்கும். ஆனாலும் சாட்சிகள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

வழக்குக்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், தாலுகா கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசி முடிக்கலாம், கட்டணம் இல்லை, அங்கே எழுதும் உடன்பாடு கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு இருந்தது. உரிமையாளர் தப்பிவிடுவாரா?

சுவரேறிக் குதித்தவரிடம் சொல்லிக்கொள்ளலாம். தெருவில் நடந்துபோனவரைக் கடித்திருந்தால் போர்டு அவருக்கே எதிராகத் திரும்பும்: ஆபத்தான நாய் என்று தெரிந்துதானே மாட்டினார்? கூரியர்க்காரர் மணியடித்து, உள்ளிருந்து "வாங்க" என்று சொல்லிக் கேட்டைத் திறந்து வந்தாலும் அப்படியே. நீங்கள் கல்லெறிந்தீர்கள், குட்டியைத் தூக்கினீர்கள் என்றால் நஷ்ட ஈடு குறையும் அல்லது போய்விடும். அதை மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தெருநாய் கடித்தது. யாரைக் கேட்பது?

சென்னையில் 1913க்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகம். கிராமத்தில் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் அதற்கும் ஒரு எண் வரும். முதல்வரின் உதவி எண் 1100.

விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023இன்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் கடமை. அதைச் செய்யவில்லை என்று காட்டத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போடுங்கள்: எங்கள் வார்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை நாய்க்குக் கருத்தடை, எந்தத் தேதியில், எத்தனை கடிப் புகார், என்ன நடவடிக்கை? முப்பது நாளில் பதில் வர வேண்டும். "தகவல் இல்லை" என்று வந்தால் அதுவே நல்ல சாட்சியம். இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோ (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) சிவில் வழக்கோ போடலாம்; உள்ளாட்சி மீதான வழக்குக்கு முன்னறிவிப்பு நோட்டீஸ் தேவைப்படும், கெடுவும் தனியார் வழக்கைவிடக் குறுகியது. ஆறு மாதம் தாண்ட விடாதீர்கள்.

ஒரு பல்லுக்குப் பத்தாயிரம் கிடைக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

அது 2023இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது: பல் பதிந்த ஒவ்வொரு தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000. பஞ்சாப், ஹரியானா, சண்டிகருக்கு மட்டும். தமிழ்நாட்டில் அது கட்டளை ஆகாது. ஆனால் உங்கள் ரிட் மனுவில் அதை எடுத்துக்காட்டி, அதே அளவுகோலைக் கேட்கலாம். அதற்குத்தான் நாணயத்தோடு எடுத்த அந்தப் படம்.

கடித்த தெருநாயைப் பிடித்துப்போய் விடுவார்களா?

2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, பிடித்த நாயைக் கருத்தடை, தடுப்பூசி முடித்து அதே இடத்தில் விட வேண்டும். வெறி பிடித்ததையும் ஆக்ரோஷமாகக் கடிப்பதையும் விடக் கூடாது. எனவே மனுவில் "நாய்த் தொல்லை" என்று பொதுவாக எழுதாமல், இன்ன நாய், இத்தனை பேரை, இன்ன தேதிகளில் கடித்தது என்று எழுதுங்கள். பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் என்றால் நவம்பர் 7 உத்தரவு இன்னும் கடுமை: அங்கிருந்து பிடித்ததைத் திரும்ப அங்கே விடக் கூடாது.

சோறு வைப்பவர் மேல் வழக்குப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சோறு வைத்ததாலேயே நாய் அவர் வசம் ஆகிவிடாது. பெயர் வைத்து, பட்டை கட்டி, ராத்திரி வராந்தாவில் படுக்க வைப்பவர் என்றால் 291 பேசலாம். குறித்த இடத்தில் அல்லாமல் தெருவில் உணவு வைக்கக் கூடாது என்று ஆகஸ்ட் உத்தரவு சொல்வதால், அதை வைத்து உள்ளாட்சியில் புகார் கொடுப்பது எளிது.

அடுக்குமாடியில் நாயே கூடாது என்று சங்கம் தீர்மானம் போடலாமா?

முடியாது. லிஃப்டில் சங்கிலி, விளையாட்டுத் திடலில் கட்டுப்பாடு, உரிம நகலைச் சங்கத்தில் கொடுப்பது, இவற்றைக் கேட்கலாம்.

உணவு டெலிவரி செய்யும்போது கடித்தது.

ஆர்டர் முடியும் முன்பே செயலியில் விபத்து என்று பதிவு செய்யுங்கள். ஆர்டர் எண்ணும் நேரமும் வேலையில் இருந்ததற்குச் சான்று, நிறுவனத்தின் விபத்துக் காப்பீட்டைக் கேட்க அதுதான் தேவை. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவர் அன்றே முதலாளிக்கு எழுத்தில் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் மீதான உரிமை இதனால் குறையாது.

ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றுவிட்டார்கள். இப்போது?

இரண்டு சிக்கல். விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் நியாய சன்ஹிதா 325இல் ஐந்து வருடம் வரை தண்டனை. நாய் கடித்ததற்கு ஆறு மாதம், அதைக் கொன்றதற்கு ஐந்து வருடம் என்ற நிலையில் புகார்தாரரே குற்றவாளி ஆகிவிடுவார். இன்னொன்று, பத்து நாள் கண்காணிக்க இனி நாய் இல்லை. எல்லா ஊசியையும் தவணை தவறாமல் போட்டே ஆக வேண்டும். உடலைப் புதைக்காமல், வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மூளைத் திசுவைப் பரிசோதித்தால் வெறி இருந்ததா என்று தெரியும். அதே நாய் கடித்த மற்றவர்களுக்கும் அந்த முடிவு உடனே தேவைப்படும்.